தீயும் புல்லும் நிலவுடைமையும்: மேற்கு அமெரிக்காவின் சேஜ் புதர்நிலங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வடபகுதியில் மூண்ட 'மார்ட்டின்' தீ சில நாட்களுள் 4 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலத்தை எரித்தது. அதற்கு ஆறாண்டுகளின் முன்னர், 2012இல், அயல் மாநிலமான ஒறிகனில் எழுந்த 'லோங் ட்றோ' தீ 5 இலட்சத்து 50 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைச் சாம்பலாக்கியது. இவ்விரு தீக்களும் பெரும்பாலும் எரித்தவை அடர்ந்த காடுகள் அல்ல. மரங்கள் அருகி, சாம்பல் நிறப் புதர்களும் புற்களும் நிறைந்து கிடக்கும் மேய்ச்சல்நிலங்களே.

இத்தகைய தீக்களை இயற்கை அனர்த்தம் என வகைப்படுத்துதல் அரச அறிக்கைகளினதும் செய்தித்தாள்களினதும் வழக்கமாகும். மின்னல், வறட்சி, காற்று என்பன காரணங்களாகக் கூறப்படும். இவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆயின் மின்னலும் காற்றும் முன்னரும் இருந்தன. இப்போதுள்ள வேகத்தில் அந்நிலம் முன்னர் எரியவில்லை. மாறியது எது என்பதே வினா. தீ எவ்வாறு பரவுகின்றது என்பதை இயற்கை விஞ்ஞானம் விளக்கும். இந்நிலத்தில் இக்காலத்தில் அது ஏன் இவ்வளவு அடிக்கடி மூள்கின்றது என்பதை விளக்க நிலவுடைமையின் வரலாறும் வேண்டும். அதேவேளை, அவ்வரலாற்றைக் கூறியதோடு அமைந்துவிடின் நிலத்துக்கும் செடிக்கும் உள்ள சொந்த இயக்க விதிகளைக் காணத் தவறிவிடுவோம். இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் அதன் தீயும்

மேற்கே சியேறா நெவாடா மலைத்தொடருக்கும் கிழக்கே றொக்கி மலைத்தொடருக்கும் இடையில், ஆறுகள் கடலை அடையாது உள்ளேயே வற்றிப்போகும் பெருவடிநிலம் ஒன்று உண்டு. நெவாடாவின் பெரும்பகுதியும் யூற்றா, ஒறிகன், ஐடஹோ, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளும் இதனுள் அடங்கும். மழை குறைவு, குளிர்காலப் பனியே முக்கிய நீர்வளம். இங்கும் இதனைச் சூழ்ந்த வயோமிங் முதலிய பகுதிகளிலும் சேஜ் புதர் எனப்படும் செடி பரந்து காணப்படுகின்றது. தாவரவியலிலே இது ஆட்டெமீசியா சாதியைச் சேர்ந்தது. தமிழர் மாலைகளிற் கோக்கும் மரிக்கொழுந்தும் இதே சாதியினதே. ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு முன் இப்புதர் கொண்டிருந்த பரப்பில் ஏறத்தாழ அரைப்பங்கே இன்று எஞ்சியுள்ளதாகக் கணிக்கப்படுகின்றது.

இந்நிலத்தின் பழைய அமைப்பு மூன்று கூறுகளைக் கொண்டது. புதர்கள் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு வளர்ந்தன. இடையிடையே பல்லாண்டு வாழும் கொத்துப்புற்கள் நின்றன. எஞ்சிய வெற்றிடத்தைப் பாசியும் இலைக்கனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அமைத்த மெல்லிய மண்ணோடு மூடியிருந்தது. அவ்விடைவெளிகளே தீக்குத் தடைகளாயின. ஓரிடத்திற் பற்றிய தீ தொடர்ந்து செல்ல எரிபொருள் இன்றி அவிந்தது. வறண்ட தாழ்நிலங்களில் ஒரே இடம் மீண்டும் எரிவதற்குப் பல தசாப்தங்களோ, சில இடங்களிற் நூற்றாண்டுகளோ கழிந்தன.

இவ்வொழுங்கைக் குலைத்தது ஒரு புல். யூரேசியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தானிய விதைகளோடு கலந்தும் வேறு வழிகளிலும் மேற்கு அமெரிக்காவை அடைந்த அப்புல்லைக் குடியேறிய விவசாயிகள் 'ஏமாற்றுப்புல்' எனும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். அது ஓராண்டுப் புல். இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலத்திலும் வேர்விட்டு, வசந்தத்தின் ஈரத்தைச் சுதேசப் புற்களுக்கு முன்னரே உறிஞ்சிவிடும். கோடையின் தொடக்கத்தில், ஏனைய புற்கள் பசுமையாய் இருக்கும்போதே, விதையுதிர்த்துக் காய்ந்துவிடும். இவ்வாறு தீக்காலம் முன்கூட்டியே தொடங்குகின்றது. புதர்களுக்கிடையேயிருந்த வெற்றிடங்கள் அனைத்தும் காய்ந்த புல்லால் நிரம்பியமையால், ஒரு பொறி எல்லையின்றிப் பரவும் வழி திறக்கின்றது.

அடுத்து நிகழ்வதே முக்கியமானது. தாழ்நிலத்துச் சேஜ் புதர் எரிந்த பின் வேரிலிருந்து மீளத் துளிர்ப்பதில்லை. அது விதையினாலேயே மீளவேண்டும். அதன் விதையோ தாய்ச்செடியிலிருந்து சில மீற்றர் தூரத்துள்ளேயே பெரும்பாலும் விழுவது. மண்ணில் நீண்டகாலம் உயிர்த்திருப்பதுமில்லை. ஏமாற்றுப்புல்லோ எரிந்த நிலத்தில் அடுத்த பருவத்திலேயே முன்னிலும் செறிந்து முளைக்கின்றது. புல் தீயை வளர்க்கின்றது. தீ புல்லை வளர்க்கின்றது. பெருவடிநிலத்தில் 2000 முதல் 2009 வரை மூண்ட மிகப் பெரிய 50 தீக்களுள் 39 இப்புல்லோடு தொடர்புற்றவை என 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

3. புல் வந்த வழி

விதை கடல்கடந்து வந்தது தற்செயல் எனலாம். அவ்விதைக்கு ஏற்ற நிலம் ஆயத்தமாயிருந்தது தற்செயலன்று.

1859இல் நெவாடாவிற் கண்டறியப்பட்ட கொம்ஸ்ரொக் வெள்ளிச் சுரங்கமும் 1869இல் நிறைவெய்திய கண்டங்கடந்த புகையிரதப் பாதையும் இப்பிரதேசத்தைச் சந்தையோடு பிணைத்தன. சுரங்க நகரங்களுக்கும் கரையோரப் பெருநகரங்களுக்கும் இறைச்சி வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான மாடுகளும் பின்னர் ஆடுகளும் இந்நிலத்துட் செலுத்தப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட 'மில்லர் அன்ட் லக்ஸ்' நிறுவனம் கலிபோர்னியா, நெவாடா, ஒறிகன் ஆகிய மூன்று மாநிலங்களிலும் நிலம் கொண்டிருந்தது. இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்கியவை நீர்நிலைகளை அடுத்த நிலங்களையே. நீரை உடைமையாக்கியவன் அதனைச் சூழ்ந்த வறண்ட அரச நிலம் முழுவதையும் விலையின்றி ஆண்டான்.

இதனை விளக்கவந்த முதலாளித்துவ அறிஞர் பலர் பொதுநிலத்தின் துயரம் என்னும் கோட்பாட்டைத் துணைக்கொள்வர். 1968இல் கறெற் ஹார்டின் எழுதிய கட்டுரையால் இது புகழ்பெற்றது. நிலம் எல்லோருக்கும் பொதுவாயிருந்தமையால் ஒவ்வொருவரும் தத்தம் மந்தையைப் பெருக்கினர், அதனால் நிலம் அழிந்தது என்பது அதன் சாரம். இவ்விளக்கம் ஓர் அடிப்படை உண்மையை மறைக்கின்றது. பொதுநிலம் என்பது ஒரு சமூகம் தன் வழக்குகளால் ஆளும் நிலமாகும். அத்தகைய சமூகங்கள் இங்கு இருந்தன. பையூட், சோசோனி, பனொக் ஆகிய மக்கள் விதை சேகரித்தும் வேட்டையாடியும் பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்தும் இந்நிலத்தோடு வாழ்ந்தனர். 1878ஆம் ஆண்டுப் பனொக் போரின் பின் ஒறிகனின் வட பையூட் மக்கள் பலர் தமது மல்கூர் ஒதுக்கிடத்திலிருந்து தொலைவிலுள்ள யக்கிமாவுக்குக் குளிர்காலத்தில் நடத்திச் செல்லப்பட்டனர். ஒதுக்கிடம் கலைக்கப்பட்டு நிலம் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது. ஆகவே 1880களிற் காணப்பட்டது பொதுநிலமன்று. பொதுமை அழிக்கப்பட்ட, எவர்க்கும் பொறுப்பற்ற, மூலதனத்துக்கு மட்டும் திறந்துவிடப்பட்ட நிலமே அது.

இவ்விடத்து இயற்கையின் சொந்த வரலாறும் குறுக்கிடுகின்றது. றொக்கி மலைக்குக் கிழக்கேயுள்ள புல்வெளிகள் பெருங் காட்டெருமைக் கூட்டங்களோடு பரிணமித்தவை. பெருவடிநிலத்துக் கொத்துப்புற்களுக்கு அத்தகைய அனுபவம் இல்லை. குளம்புள்ள பெருவிலங்குகள் அங்கு அருகியே இருந்தன என்பதை 1982இல் றிச்சட் மக், ஜோன் தொம்சன் ஆகியோர் எடுத்துக்காட்டினர். மாட்டு மந்தைகள் வந்தபோது கொத்துப்புல் அழிந்தது, குளம்புகளின் கீழ் மண்ணோடு நொறுங்கியது, வெற்றிடம் தோன்றியது. ஏமாற்றுப்புல் அவ்வெற்றிடத்திற் குடியேறி, 1930 அளவில் தன் இன்றைய பரம்பலின் பெரும்பகுதியை எட்டிவிட்டது. அல்டோ லியோபோல்ட் 1941இலேயே இதுபற்றி எழுதியுள்ளார். ஏமாற்றுப்புல் நிறைந்த நிலத்தைத் தீயிலிருந்து முற்றாகக் காத்தல் இயலாது என்பதையும், சேஜ் முதலான புதர்கள் எரிந்து மலைமேல் ஒதுங்குகின்றன என்பதையும் அவர் அன்றே கண்டிருந்தார். எனவே ஆபத்து அறியப்படாமல் இருந்தது என எவரும் கூறமுடியாது.

மாற்றுவழியும் முன்வைக்கப்படாமல் இல்லை. 1862ஆம் ஆண்டுக் குடியிருப்புநிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வழங்கியது. ஈரநிலத்துக்குப் பொருந்திய அவ்வளவு வறண்ட மேய்ச்சல்நிலத்திற் பயனற்றதென 1878இல் ஜோன் வெஸ்லி பவெல் தம் அறிக்கையிற் காட்டினார். நீரை மையமாகக்கொண்டு 2,560 ஏக்கர் அலகுகளை வகுத்து, மேய்ச்சலைக் கூட்டாக ஒழுங்குபடுத்தலாம் என அவர் பரிந்துரைத்தார். காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை.

4. அரசின் நிலம், எவருடைய நிலம்?

1934ஆம் ஆண்டு டெய்லர் மேய்ச்சற் சட்டம் இக்கட்டற்ற நிலைக்கு முடிவுகட்டியது. நிலம் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அனுமதிப்பத்திர முறை வந்தது. ஆயின் அனுமதியில் முன்னுரிமை பெற்றவர்கள் அயலிற் சொந்த நிலமும் நீரும் உடையவர்களே. நிலமற்று மந்தையோடு அலைந்த ஆட்டிடையர், அவர்களுட் பலர் பாஸ்க் இனத்துக் குடியேறிகள், வெளியேற்றப்பட்டனர். மேய்ச்சலாளர்களைக் கொண்ட ஆலோசனைச் சபைகளே நிருவாகத்தை வழிநடத்தின. 1946இல் நில முகாமைப் பணியகம் அமைக்கப்பட்டபோது, காங்கிரஸ் முன்னரே நிதியை வெட்டியிருந்தமையால், பெரும் பரப்பைக் காக்க மிகச்சிலரே இருந்தனர்.

இக்காலத்தில் அரசு சேஜ் புதரைப் பகையாகவே கருதியது என்பது மனங்கொள்ளத்தக்கது. புதர் மாட்டுக்கு உணவாகாது; ஆகவே அது களை. உலகப் போருக்குப் பிந்திய தசாப்தங்களிற் பெரும் பரப்புகளில் இப்புதர் உழுதும், சங்கிலி கொண்டு இழுத்தும், களைநாசினி தெளித்தும் அழிக்கப்பட்டது. அதனிடத்தில் யூரேசியாவிலிருந்து கொணர்ந்த கொண்டைக் கோதுமைப்புல் விதைக்கப்பட்டது. 1962இல் ஒறிகனில் தொடங்கிய 'வேல்' திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். செடியின் பெறுமதி அதன் பண்டப் பெறுமதியால் மட்டும் அளக்கப்பட்டது.

மேய்ச்சற் கட்டணமும் இங்கு நோக்கற்பாலது. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கான குறைந்தபட்சக் கட்டணத்தை 1.35 டொலராக 1986இற் சனாதிபதி றேகனின் கட்டளை நிலைநிறுத்தியது. 2019 முதல் 2025 வரை ஒவ்வோராண்டும் அக்குறைந்தபட்சமே அறவிடப்பட்டது. தனியார் நிலத்து வாடகை இதனிலும் பன்மடங்கு. நிலத்தின் உரித்து அரசினது. அதன் பயன் சிலரது. அதன் அழிவின் செலவு எல்லோரதும்.

சுதேச மக்களின் நிலை வேறு. மேற்குச் சோசோனி மக்களோடு 1863இல் றூபி பள்ளத்தாக்கில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு, தம் முன்னோர் நிலத்தில் அனுமதிப்பத்திரமின்றி மாடு மேய்த்த டான் சகோதரிகள் மீது 1974இல் அரசு வழக்குத் தொடுத்தது. இழப்பீட்டுத் தொகை திறைசேரிக் கணக்கிற் சோசோனி மக்கள் பெயரில் வைக்கப்பட்டதுவே அவர்கள் அதனைப் பெற்றுக்கொண்டதற்குச் சமம் என 1985இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது.

5. பறவையும் சட்டமும்

புதரின் பெறுமதியை மாற்றியது ஒரு பறவையின் வீழ்ச்சியாகும். சேஜ் கோழி எனப்படும் அப்பறவை வசந்தகாலத்தில் திறந்த ஆடுகளங்களிற் கூடும். ஆண்பறவைகள் நெஞ்சுப்பைகளை ஊதி ஆடிப் பெட்டைகளைக் கவரும். கூடு கட்டுவது புதரின் கீழ். குளிர்காலத்தில் அதன் உணவு ஏறக்குறைய முற்றிலும் சேஜ் இலையே. வேறு நிலத்துக்குச் சென்று வாழ அதனால் இயலாது. எரிந்த நிலத்துக்கும் அப்பறவை பழக்கத்தாற் கூடு கட்டத் திரும்பிவருவதை ஆய்வாளர் அவதானித்துள்ளனர். மறைவற்ற அந்நிலத்தில் முட்டையும் குஞ்சும் எளிதில் இரையாகின்றன. 1965 முதற் கணித்தால் இதன் தொகை 80 சதவீதம் வீழ்ந்துள்ளதென ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் 2021இல் அறிவித்தது. குள்ள முயலும் சேஜ் குருவியும் பிறவும் இதே புதரை நம்பியவை.

2010இல் மீன், வனசீவராசிகள் சேவை இப்பறவை சட்டப் பாதுகாப்புக்குத் தகுதியுடையதெனக் கூறி, ஏனைய இனங்களுக்கு முன்னுரிமை உண்டெனத் தள்ளிவைத்தது. பட்டியலிட்டால் மேய்ச்சலும் எண்ணெய் அகழ்வும் கட்டுப்படும் என்ற அச்சம் மாநில அரசுகளையும் பண்ணையாளரையும் கம்பனிகளையும் பேச்சுவார்த்தைக்குக் கொணர்ந்தது. 2014 டிசம்பரில் காங்கிரஸ், பட்டியலிடும் வேலைக்கு நிதி செலவிடுவதைத் தடுத்தது. 2015 சனவரியில் உள்விவகாரச் செயலாளர் சலி யுவெல் பிறப்பித்த கட்டளை, மேய்ச்சல்நிலத் தீயைத் தடுத்தலையும் புதர்நிலத்தை மீட்டலையும் முதன்மைப் பணியாக்கியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் புதிய நிலத்திட்டங்களைக் காரணங்காட்டி, பட்டியலிடத் தேவையில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது. 2019இல் அத்திட்டங்கள் தளர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஐடஹோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அத்தளர்த்தலைத் தடுத்தது. பறவைக்கு வேண்டியது நூற்றாண்டுத் திட்டம். கிடைப்பது தேர்தல் காலத் திட்டம்.

6. தடுப்பு முறைகளும் காலமும்

இன்றைய முகாமை முறைகளை நான்காக வகுக்கலாம். தீ பரவாது தடுக்கத் தெருவோரங்களிற் புல்லை வெட்டியோ, தாமதித்துக் காயும் செடிகளை நட்டோ தீத்தடுப்புப் பட்டிகள் அமைத்தல் ஒன்று. 2020இற் பெருவடிநிலத்தில் 11,000 மைல் நீளம் வரை இவற்றை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. இவை தீயணைப்பவர்க்கு நின்று போராட ஓர் இடத்தைத் தருகின்றன. ஆனால் பெருங்காற்றில் தீ அவற்றைத் தாண்டும். நல்ல புதர்நிலத்தினூடாக வெட்டப்படின் அவையே ஏமாற்றுப்புல்லுக்கு வழியாகும்.

இரண்டாவது, இலக்குவைத்த மேய்ச்சல். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ குறித்த பட்டியில் மாடுகளை விட்டு ஏமாற்றுப்புல்லைக் குறைக்கலாம். இது ஓரளவு பயன்தருவது உண்மையே. ஆயின் குறித்த இடத்தில், குறித்த வாரங்களிற் செய்யப்படும் இவ்வேலையைக் காட்டி, மேய்ச்சல் முழுவதும் தீயைத் தடுக்கும் என வாதிடுவது வேறு. பின்னையது வர்க்க நலனின் கூற்றேயன்றி விஞ்ஞானமன்று.

மூன்றாவது, ஊசியிலை மரங்களை அகற்றல். இங்குதான் இவ்வரலாற்றின் முரண் தெளிவாகின்றது. குளிர்ந்த மேட்டுநிலங்களில் மேய்ச்சல் புல்லை அகற்றியதாலும் தீ அணைக்கப்பட்டதாலும் எரிதல் குறைந்தது. யூனிப்பர், பினியன் மரங்கள் புதர்நிலத்துட் புகுந்தன. சேஜ் கோழி மரமுள்ள இடத்தை ஒதுக்கியது. வறண்ட தாழ்நிலத்தில் அதே மேய்ச்சல் எதிர்மாறாகத் தீயைப் பெருக்கியது. ஒரே சமூகக் காரணம் இரு நிலங்களில் இரு எதிர்விளைவுகளைத் தந்தது. எனவே எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து இல்லை.

நான்காவது, மீள்நடுகை. எரிந்த நிலத்தில் விமானத்தாற் சேஜ் விதை தூவப்படுகின்றது, களைநாசினி தெளிக்கப்படுகின்றது. தாழ்நிலங்களில் இவ்விதைப்பு அடிக்கடி தோல்வியுறுகின்றது. ஒரு வறண்ட வசந்தம் போதும். நாற்றை வளர்த்துக் கையால் நடுவது கூடிய பலன் தரும். ஆனால் அதற்கு மனித உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு எங்கிருந்து வருகின்றது என்பது கவனத்துக்குரியது. சில மாநிலங்களிற் சேஜ் நாற்றுகளைச் சிறைக்கைதிகள் வளர்க்கின்றனர். நெவாடாவில் தீயணைப்பு வேலையிலும் சிறைக்கைதிகள் அற்பக் கூலிக்கு ஈடுபடுத்தப்படுகின்றனர். நிலத்தை அழித்த உழைப்புக்குச் சந்தை விலை கொடுத்தது. அதனை மீட்கும் உழைப்புக்கு அது விலை கொடுக்க விரும்பவில்லை.

எல்லா முறைகளும் மோதும் இடம் காலமாகும். மேய்ச்சல் அனுமதியின் காலம் பத்தாண்டு. எரிந்த நிலத்துக்கு அளிக்கப்படும் வழமையான ஓய்வு இரு வளர்ச்சிப் பருவங்கள். தீக்குப் பிந்திய மீட்பு நிதி ஐந்தாண்டளவில் முடிந்துவிடும். தாழ்நிலத்துச் சேஜ் புதர்நிலம் மீள, அது மீளுமாயின், பல தசாப்தங்கள் செல்லும். மூலதனத்தின் சுழற்சிக் காலத்துக்கும் செடியின் வளர்ச்சிக் காலத்துக்கும் இடையிலான இம்முரண்பாட்டை எந்தத் தொழினுட்பமும் தனித்து நின்று தீர்க்காது. இதனாலேயே, எரிந்ததை மீட்பதிலும் எஞ்சிய நல்ல நிலத்தை முதலிற் காத்தல் மேலென்ற கொள்கை அண்மையில் வலுப்பெற்றுள்ளது. கடந்த இரு தசாப்தங்களில் ஆண்டுதோறும் சராசரி 13 இலட்சம் ஏக்கர் நல்ல புதர்நிலம் இழக்கப்பட்டதை 2022ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை காட்டியமை அக்கொள்கைக்கு அடிப்படையாகும்.

7. இரு எளிமைப்படுத்தல்கள்

இவ்வாய்விலிருந்து இரு எளிய முடிவுகளுக்குத் தாவுதல் கூடும். இரண்டும் தவறானவை.

முதலாவது, அரசை அகற்றி நிலத்தைப் பண்ணையாளரிடம் ஒப்படைத்தால் அவர்கள் காப்பர் என்பது. 1979இல் நெவாடா சட்டமன்றம் கூட்டாட்சி நிலங்களுக்கு உரிமைகோரித் தொடக்கிய 'சேஜ் புதர்க் கிளர்ச்சி' இதன் குரல். 2016 சனவரியில் ஒறிகனின் மல்கூர் வனசீவராசிகள் சரணாலயத்தை ஆயுதம் தாங்கியோர் 41 நாட்கள் ஆக்கிரமித்தமை இதன் உச்சம். அதன் உடனடிக் காரணமும் தீயே. 2001இலும் 2006இலும் அரச நிலத்துக்குத் தீயிட்ட குற்றத்துக்காகப் பண்ணையாளரான ஒரு தந்தையும் மகனும் சிறைக்கு மீள அனுப்பப்பட்டனர்; 2018 யூலையில் சனாதிபதி அவர்களுக்கு மன்னிப்பளித்தார். நிலத்தை அதன் உரிமையாளரிடம் திருப்பித் தருக என ஆக்கிரமித்தோர் கோரினர். அப்பகுதியிலேயே தம் ஒதுக்கிடத்தை இழந்திருந்த பையூட் மக்கள் அக்கோரிக்கையை எதிர்த்து நின்றனர்.

இரண்டாவது எளிமைப்படுத்தல் எம் போன்றோருக்கு நெருங்கியது. உடைமை உறவை மாற்றின் நிலம் தானே மீளும் என்பது அது. மாடுகளை இன்றே அகற்றினும் ஏமாற்றுப்புல் அகலாது. அது இப்போது தன் சொந்த விதியால் இயங்குகின்றது. சமூகக் காரணத்தாற் பிறந்த விளைவு இயற்கையின் காரணமாகிவிட்டது. சட்டப்படியான அரசுடைமையும் விடையன்று. இந்நிலங்களின் பெரும்பகுதி இப்போதும் அரசினதே. சோவியத் ஒன்றியத்தில் 1954இற் தொடங்கிய கன்னிநிலத் திட்டம் கசக்ஸ்தானின் புல்வெளிகளைச் சில ஆண்டுகளில் உழுது, 1960களின் முற்பகுதியிற் கடுங் காற்றரிப்பைச் சந்தித்தமையையும் மறைத்தலாகாது. அங்கும் திட்டத்தின் காலம் மண்ணின் காலத்தை மதிக்கவில்லை. இயற்கை மீதான வெற்றிகள் ஒவ்வொன்றும் எதிர்பாரா விளைவுகளால் பழிதீர்க்கப்படும் என ஏங்கெல்ஸ் எச்சரித்தமை எமக்கும் உரியதே.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது தமிழ் இலக்கிய மாணவர் நன்கறிந்த கருத்து. நிலத்தின் தன்மை மாறாததன்று என்ற தெளிவு அதில் உண்டு. ஆயின் அப்பாலை பருவத்தால் வருவது. மழை பெய்ய மீள்வது. சேஜ் புதர்நிலத்தின் திரிபு வரலாற்றால் வந்தது. மழை அதனை மீட்பதில்லை, ஏமாற்றுப்புல்லையே முதலில் வளர்க்கின்றது.

ஆதலின் இந்நிலத்துக்கு வேண்டியவை சிலவற்றைக் குறிப்பிடலாம். எஞ்சிய நல்ல புதர்நிலங்களைத் தீயிலிருந்தும் அகழ்விலிருந்தும் காத்தல். நெவாடாவின் தக்கர் கணவாயில் 2021இல் அனுமதிக்கப்பட்ட லித்தியச் சுரங்கம் போன்றவற்றைப் பசுமையின் பெயரால் விதிவிலக்காக்காமை. எரிந்த நிலத்துக்குச் செடியின் நிலைமை தீர்மானிக்கும் ஓய்வை அளித்தல். மீட்பு நிதியைத் தசாப்தங்களுக்கு நீட்டல். நடுவோருக்கும் தீயணைப்போருக்கும் முறையான கூலி. முடிவெடுக்கும் அவைகளில் சோசோனி, பையூட் மக்களுக்கு உரிய இடம். இவற்றுள் எதுவும் ஏமாற்றுப்புல்லை ஒரு தலைமுறையில் அகற்றிவிடாது. இன்று நடப்படும் ஒரு நாற்று அடர்ந்த புதராகி, அதன் கீழ் ஒரு சேஜ் கோழி கூடு கட்டுவதை அதனை நட்டவர்களுட் பலர் காணப்போவதில்லை. அவ்வளவு நீண்ட வேலையை இலாபக் கணக்கால் நடத்தவியலாது என்பதே இந்நிலங்களின் வரலாறு எமக்குத் தரும் பாடமாகும்.